பட்டம் வென்றவருக்கும் அடுத்த வேலை வேண்டும்

வணக்கம் அம்மா. மகள் ஓட்டத்தில் மாநில அளவுக்கு வந்துவிட்டாள், பதினொன்றாம் வகுப்பில் லேசான குரூப் எடுத்துக்கொண்டு முழுமூச்சாகப் பயிற்சிக்குப் போகட்டுமா என்று கேட்டிருந்தீர்கள். தாராளமாக ஓடட்டும். குரூப் விஷயத்தில் மட்டும் அவசரம் வேண்டாம். பின்லாந்துக்காரர் ஒருவரைப் பற்றிச் சொல்கிறேன்.

ஹன்னு மன்னினென், ஆர்க்டிக் வட்டத்தை ஒட்டிய ரோவனியெமி ஊர்க்காரர். அவருடைய விளையாட்டு நார்டிக் கம்பைண்ட். முதலில் உயரமான சரிவிலிருந்து பனிச்சறுக்குத் தாண்டுதல், அப்புறம் பனியில் 10 கிலோமீட்டர் சறுக்கோட்டம். தாண்டியதில் வந்த புள்ளி வித்தியாசத்தை நேரமாக மாற்றிவிடுவார்கள். முதலிடக்காரர் முதலில் கிளம்புவார். மற்றவர்கள் அத்தனை நொடி கழித்துக் கிளம்பித் துரத்த வேண்டும். தாண்டுவதற்கு உடம்பு லேசாக இருக்க வேண்டும், ஓட்டத்துக்கு மூச்சு தாக்குப்பிடிக்க வேண்டும். இரண்டையும் சேர்த்து வளர்ப்பதற்குள் இளமை பாதி போய்விடும்.

1994 லில்லஹாமர் குளிர்கால ஒலிம்பிக்கில் இறங்கியபோது மன்னினெனுக்கு வயது 15. உலகக் கோப்பை என்பது சீசன் முழுக்கப் பல போட்டிகளாக நடக்கும் தொடர். 2004 முதல் 2007 வரை அதன் ஒட்டுமொத்தப் பட்டம் வரிசையாக நான்கு முறை அவருக்குத்தான். மொத்தம் 48 உலகக் கோப்பைப் போட்டிகளில் வெற்றி. 2002 சால்ட் லேக் சிட்டியில் அணியாகத் தங்கமும் வென்றார். ஆனால் தனிநபர் ஒலிம்பிக் பதக்கம் ஒன்றுகூட இல்லை! சீசன் முழுக்க ஜெயித்தவருக்கு ஒலிம்பிக் நடந்த அந்தச் சில நாட்கள் அமையவில்லை. திறமையும் உழைப்பும் குறைவில்லாமல் இருந்தும் இப்படி நடக்கும். அதனால்தான் ஒரே பதக்கத்தை நம்பி மற்ற வழிகளை அடைக்க வேண்டாம் என்கிறேன்.

அவர் பிற்பாடு ஃபின்னேர் விமான நிறுவனத்தில் விமானி ஆனார். உலகப் பட்டம் பெற்றவர் என்பதற்காக விமானி உரிமம் யாரும் தருவதில்லை. பாடம் படித்து, தேர்வு எழுதி, மருத்துவத் தகுதியும் காட்ட வேண்டும். இவ்வளவு ஜெயித்த பிறகு மறுபடி மாணவராக உட்காரும் மனசு எனக்கு அந்த 48 வெற்றிகளைவிடப் பெரிதாகப் படுகிறது. விமானியான பிறகும் போட்டிக்குத் திரும்பி, 2018 பியோங்சாங்கில் 39 வயதில் தன் ஆறாவது ஒலிம்பிக்கில் கலந்துகொண்டார்.

சரி, உங்கள் மகளுக்கு வருவோம். கணிதம், இயற்பியலை இப்போது விட்டால் பின்னால் சில படிப்புகளில் சேர்வது கஷ்டம். மதிப்பெண் கொஞ்சம் குறைந்தாலும் பரவாயில்லை, அவளுக்குப் பிடித்திருந்தால் அந்தக் குரூப்பே இருக்கட்டும். போட்டி இல்லாத மாதங்கள் எவை என்று பயிற்சியாளரிடம் கேட்டு, கடினமான பாடங்களை அப்போது படிக்கவையுங்கள். சேர்க்கை முடிவதற்குள் அவளையும் கூட்டி வாருங்கள். உங்கள் கடிதத்தில் பயிற்சியாளர் சொன்னது இருக்கிறது, அப்பா சொன்னது இருக்கிறது. அவள் என்ன சொன்னாள் என்பது இல்லை.