பெனலோப்பி பிரித்த நூல்

கேள்வி: ஐயா, ஒடிஸியஸின் மனைவி பெனலோப்பியை நாயகியாக வைத்து ஒரு சித்திரக்கதை வரைகிறேன். மொத்தம் 80 பக்கம் என்று திட்டம். தொடங்கி மூன்று வருடம் ஆகிவிட்டது, கையில் இருப்பது நான்கு பக்கம். அந்த நான்கையும் ஒன்பது தடவை வரைந்திருக்கிறேன். முடித்த மறுநாள் எடுத்துப் பார்த்தால் விரல் சரியில்லை, துணி மடிப்பு சரியில்லை, தறி அந்தக் காலத்துத் தறி மாதிரி இல்லை என்று தோன்றும். கிழித்துவிடுவேன். 'நீ பெர்ஃபெக்‌ஷனிஸ்ட்' என்கிறார்கள் நண்பர்கள். அதைப் பாராட்டாக எடுத்துக்கொள்வதா? ஐந்தாம் பக்கத்துக்கு எப்படிப் போவது?

பதில்: பாராட்டு இல்லை. அதை முதலில் முடித்துக்கொள்வோம்.

உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டுச் சிரித்தேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். உலகத்தில் அத்தனை கதை கிடக்க, பகலில் நெய்ததை இரவில் பிரித்தவளைப் போய்ப் பிடித்திருக்கிறீர்கள். கதை தெரியாதவர்களுக்காக: ட்ராய் போருக்குப் போன கணவன் திரும்பவில்லை. அவளை மணக்க 108 பேர் வீட்டுக்குள் வந்து உட்கார்ந்து சொத்தைத் தின்றுகொண்டிருக்கிறார்கள். 'மாமனார் லாயர்ட்டீஸுக்குச் சவத்துணி ஒன்று நெய்கிறேன், அது முடிந்ததும் உங்களில் ஒருவரை மணக்கிறேன்' என்கிறாள். பகலெல்லாம் நெய்வதும் இரவில் பந்த வெளிச்சத்தில் பிரிப்பதுமாக மூன்று வருடம் ஓடுகிறது. நான்காம் வருடம் பணிப்பெண் ஒருத்தி காட்டிக்கொடுக்கிறாள்.

மூன்று வருடம் என்பதைக் கவனித்தீர்களா?

ஆனால் துணியில் குறை இருக்கிறது என்று அவள் ஒருநாளும் பிரிக்கவில்லை. துணி முடிந்தால் அடுத்து நடக்கப்போவது அவளுக்குப் பிடிக்கவில்லை, அதனால் பிரித்தாள். நீங்கள் விரல், மடிப்பு, தறி என்று காரணம் சொல்கிறீர்கள். உங்கள் ஐந்தாம் பக்கத்தில் என்ன இருக்கிறது? கடிதத்தில் அதை மட்டும் எழுதவில்லை.

எனக்கு இது தெரியும் என்பதற்கு ஒரே காரணம், நானும் இதே வேலையைச் செய்தவன். என் கதையின் நாயகர் டெடலஸ், கிரேக்கப் புராணத்துப் பெரிய கைவினைஞர். அவர் பேரைச் சொன்னால் மெழுகு இறக்கையும் கடலில் விழுந்த மகன் இக்காரஸும்தான் எல்லாருக்கும் நினைவுக்கு வரும். என்னைப் பிடித்து ஆட்டியது அதற்கு முந்தைய சங்கதி. ஏதென்ஸில் அவருடைய மருமகன், உடன்பிறந்தவள் பெற்ற பிள்ளை, அவரிடம் தொழில் பழக வருகிறான். ரோமானியக் கவிஞர் ஓவிட் அவனை பெர்டிக்ஸ் என்கிறார், வேறு சிலர் டாலோஸ் என்கிறார்கள். வயது 12. மீன் முள்ளைப் பார்த்து ரம்பம் செய்கிறான். இரண்டு இரும்புக் கால்களைச் சேர்த்து, வட்டம் போடக் கவராயம் செய்கிறான். தாய்மாமனுக்குப் பொறுக்கவில்லை. அக்ரோபோலிஸ் உச்சியிலிருந்து பையனைத் தள்ளிவிடுகிறார். விழுகிறவனை அதீனா தேவி கவுதாரியாக மாற்றிக் காப்பாற்றுகிறாள்.

என் கணக்கில் அந்தத் தள்ளுதல் எட்டாம் பக்கத்தில் வரவேண்டும். நான் முதல் பக்கத்தைப் பதினான்கு தடவை வரைந்தேன். பட்டறைக் காட்சி. சுவரில் உளி தொங்கும் ஆணி எந்தப் பக்கம் சாய்ந்திருக்க வேண்டும் என்று ஒரு வாரம் யோசித்திருக்கிறேன். ஆணியைத் திருத்திக்கொண்டிருக்கும் வரைக்கும் எட்டாம் பக்கம் வராது, பாருங்கள். விழுகிற உடம்பை மேலிருந்து பார்க்கும் கோணத்தில் வரைய எனக்குக் கை வராது. பொறாமையில் வெந்த பெரியவர் முகம் எப்படி இருக்கும் என்பது மட்டும் நன்றாகவே தெரியும். இரண்டில் எது அதிகப் பயம் என்று கேட்டால், இரண்டாவதுதான்.

இதிலிருந்து வெளியே வந்தது என் மனத்திடத்தால் என்று நினைத்துவிடாதீர்கள். மணிக்கட்டு போய்விட்டது. ஒரு நாளைக்கு ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் பேனா பிடிக்கக் கூடாது என்றார் மருத்துவர். அதுவரை எட்டு மணி நேரம் உட்காருவேன், அதில் ஆறு பழசைத் திருத்தவே போகும். ஒன்றரையில் ஆறு எப்படிப் போகும்? அந்த வாரம் பெட்டியைச் சுத்தம் செய்தபோது முதல் பக்கத்தின் மூன்றாவது பிரதி அகப்பட்டது, எப்படியோ கிழிபடாமல் தப்பியிருக்கிறது. பதினான்காவதை அதன் பக்கத்தில் வைத்து நான்கு பேரிடம் காட்டினேன். மூன்று பேருக்கு எது பிந்தியது என்றே தெரியவில்லை. நான்காவது ஆள் மூன்றாவது பிரதிதான் உயிரோடு இருக்கிறது என்றார். அவரோடு ஒரு மாதம் பேசவில்லை.

சரி, நீங்கள் செய்ய வேண்டியது. முதலில் எண்பது பக்கத்துக்கும் தம்ப்நெயில் போடுங்கள், தீப்பெட்டி அளவில், ஒரு பக்கம் காலியாகக் கிடக்கும் பழைய தாள்களில். தலைக்கு ஒரு வட்டம், உடம்புக்கு ஒரு கோடு, வசனத்துக்கு ஒரு கிறுக்கல். அந்த அளவில் விரல் என்ற பேச்சுக்கே இடமில்லை. இரண்டு வாரத்தில் முழுக் கதையும் உங்கள் முன்னால் கிடக்கும், ஓட்டையோடும் ஒடுக்கோடும். ஓட்டை அங்கே தெரிந்தால் அழிப்பதற்கு அரை நிமிடம், மை போட்ட பிறகு தெரிந்தால் அரை மாதம்.

அப்புறம், ஐந்தாம் பக்கத்துக்குப் போகாதீர்கள். நடுவிலிருந்து ஒரு பக்கத்தை எடுங்கள். நீண்ட சித்திரக்கதை வரைகிறவர்களுக்குக் கை போகப்போகத்தான் படியும். எழுபதாவது பக்கத்து முகம் முதல் பக்கத்து முகத்தைவிடக் கட்டாயம் நன்றாக இருக்கும். கைபடாத காலத்தில் வரைந்ததை எதற்கு முதல் பக்கமாக வைக்க வேண்டும்? அந்த நான்கையும் கடைசியில் வரைந்துகொள்ளலாம்.

ஒரு நோட்டும் வைத்துக்கொள்ளுங்கள். முடிந்த பக்கத்தில் குறை கண்ணில் பட்டால் பக்க எண்ணோடு அதில் எழுதலாம், பக்கத்தைத் தொடக்கூடாது. என் 72 பக்கங்களும் முடிந்தபோது நோட்டில் 130 குறைகள் இருந்தன. பத்தொன்பதைத் திருத்தினேன். மிச்சத்தில் பாதி எந்தக் கட்டத்தைப் பற்றியது என்றே எனக்குப் புரியவில்லை. 'இடது காது, பொய்' என்று ஒரு குறிப்பு. யாருடைய காது?

டேப்லெட்டில் வரைபவர் என்றால் உங்கள் பாடு இன்னும் கஷ்டம். காகிதம் ஐந்தாவது முறை அழித்ததும் நார் கிளம்பி, போதும் என்று சொல்லிவிடும். திரைக்கு அந்த இரக்கம் கிடையாது. 400 சதவீதம் பெரிதாக்கி ஒரு கண்ணிமையோடு மல்லுக்கட்டுவீர்கள், அச்சில் அது கடுகு. அச்சாகப்போகும் அளவிலேயே திரையில் வைத்துப் பாருங்கள். அதில் தெரியாத குறை குறையே இல்லை.

தறி பற்றிய கவலைக்கு மட்டும் நேரான பதில் உண்டு. நிமிர்த்திவைத்த மரச்சட்டம், மேலே உத்தரம் போல ஒரு கட்டை, அதிலிருந்து பாவு நூல்கள் தொங்கும். நூல் விறைப்பாக நிற்க அடியில் களிமண் குண்டுகள் கட்டியிருக்கும். நின்றுகொண்டு நெய்வார்கள், துணி மேலிருந்து கீழாக வளரும். இத்தாலியில் கியூசி என்ற ஊரில் கிடைத்த, கி.மு. 440 வாக்கிலான ஒரு கோப்பையில் பெனலோப்பி தலையைக் கையில் தாங்கி உட்கார்ந்திருக்கிறாள், எதிரே மகன் டெலிமாக்கஸ், பின்னால் இந்தத் தறி. அதைப் பார்த்து வரையுங்கள், ஒரே ஒரு தடவை.

இன்னொன்று. பிடிபட்ட பிறகு வேறு வழியில்லாமல் அவள் அந்தத் துணியை முடித்தாள் அல்லவா, அது எப்படி இருந்தது என்று ஹோமரின் ஒடிஸி காவியத்தின் 24ஆம் காண்டத்தில் வருகிறது. அவளை மணக்க வந்து, பிறகு கொல்லப்பட்டவர்களில் ஒருவனின் ஆவி பாதாள உலகத்தில் சொல்கிறது: துவைத்து அவள் விரித்துக் காட்டியபோது அது சூரியனைப் போல, நிலவைப் போல ஒளிர்ந்ததாம். அவளால் ஏமாற்றப்பட்டவன் வாயிலிருந்து வரும் சான்றிதழ். உங்கள் எண்பதில் அது எத்தனையாவது பக்கம்? நாளைக்கு அதை வரையுங்கள்.

கேள்வி: நானும் கிரேக்கக் கதை வரைய ஆசைப்படுபவன். ஒவ்வொரு புத்தகத்திலும் ஒவ்வொரு மாதிரி இருக்கிறது. எது சரியான வடிவம் என்று தெரியாமல் வரைந்துவிட்டு, தெரிந்தவர்கள் சிரித்தால் என்ன செய்வது?

பதில்: தெரிந்தவர்கள் சிரிக்கமாட்டார்கள், அரைகுறையாகத் தெரிந்தவர்கள்தான் சிரிப்பார்கள். ஹெலனால்தான் ட்ராய் போர் என்பது ஊரறிந்த கதை. ஹெலன் ட்ராய்க்குப் போகவே இல்லை, எகிப்தில் பத்திரமாக இருந்தாள், ட்ராயில் இருந்தது அவள் உருவத்தில் ஒரு மாயப் பொம்மை என்று கி.மு. 412இல் யூரிபிடிஸ் ஒரு நாடகமே போட்டார். இஃபிஜீனியா என்ற இளவரசியைத் தகப்பன் அகமெம்னன் பலிகொடுத்தான் என்கிறார் ஒருவர், கடைசி நொடியில் அவளுக்குப் பதில் மான் வந்தது என்கிறார் இன்னொருவர். பழங்கவிஞர் ஹெசியட் சொல்லும் மெடூசா, கோர்கன் என்ற அரக்கிச் சகோதரிகளில் ஒருத்தி. ஓவிட் சொல்லும் மெடூசா அழகியாக இருந்து சபிக்கப்பட்டவள். அவ்வளவு ஏன், கற்புக்கே பேர்போன பெனலோப்பி வந்தவர்களில் ஒருவனுக்கு வசப்பட்டு, ஒடிஸியஸால் வீட்டைவிட்டு அனுப்பப்பட்டாள் என்றும் ஒரு பழைய வடிவம் இருக்கிறது. அவர்களுக்குள்ளேயே இவ்வளவு சண்டை. ஒன்றைத் தேர்ந்தெடுத்துக் கடைசிவரை அதிலேயே நில்லுங்கள்.

உடை விஷயமும் இப்படித்தான். குவளை ஓவியர்கள் பல நூற்றாண்டுக்கு முந்தைய வீரர்களுக்குத் தங்கள் காலத்துக் கவசத்தை மாட்டிவிட்டார்கள். அவர்களை யாரும் ஒன்றும் சொல்லவில்லை.

நான் இதில் நாலு மாதம் தொலைத்தவன். டெடலஸ் கட்டிய புதிர்க்கோட்டை 'சரியாக' வேண்டும் என்று, அது இருந்ததாகச் சொல்லப்படும் நாசஸ் நகரத்துப் பழைய நாணயங்களின் படங்களை எடுத்துவைத்து அளந்தேன். அதில் இருக்கும் வடிவத்தில் கிளைப் பாதையே கிடையாது. ஒரே வழி, சுற்றிச்சுற்றி நேரே நடுவுக்குப் போய்விடும், குழந்தைகூடத் தொலையாது. அப்படியானால் உள்ளே போன தீசியஸ் வழி தவறாமல் திரும்ப அரியாட்னி கொடுத்த நூல் எதற்கு? கடைசியில் வெறுத்துப்போய் ஒரு பக்கம் முழுக்கக் கறுப்பு மையை ஊற்றி, நடுவில் ஒரு வெள்ளை நூலை மட்டும் விட்டேன். ஒரு மத்தியான வேலை. புத்தகத்தைப் பார்த்தவர்கள் எல்லாரும் நின்று பார்த்த பக்கம் அதுதான். எனக்கு இன்னும் அதில் கொஞ்சம் வருத்தம்.

கேள்வி: கிரேக்கப் பெயர்களைத் தமிழில் எப்படி எழுதுவது? பேச்சுப் பலூனில் அடங்கவே மாட்டேன் என்கின்றனவே.

பதில்: ஒரு தாளில் எல்லாப் பெயரையும் ஒரே ஒரு எழுத்துக்கூட்டலில் எழுதி மேசைக்கு எதிரே ஒட்டுங்கள். என் புத்தகத்தில் டெடலஸ், டீடலஸ், டைடலஸ் மூவரும் நடமாடுகிறார்கள். அத்தனை ஆணி திருத்தியும் இது என் கண்ணில் படவில்லை, பள்ளி மாணவி ஒருத்தி கண்டுபிடித்தாள்.

பலூனை முதலில் எழுதிவிட்டு, மிச்ச இடத்தில் ஆளை வரையுங்கள். தமிழ்ச் சொல் நீளம், அதை எதிர்த்துப் போராட முடியாது. முடிந்தால் வசனத்தைக் குறையுங்கள். கி.மு. 540 வாக்கில் எக்ஸேகியாஸ் என்ற குயவர் வரைந்த ஒரு ஜாடி வாட்டிகனில் இருக்கிறது. ட்ராய் போர் வீரர்கள் அக்கிலிஸும் அஜாக்ஸும் ஈட்டியைத் தோளில் சாய்த்தபடி தாயம் மாதிரி ஒன்றை ஆடுகிறார்கள். அக்கிலிஸ் வாயருகே 'நான்கு' என்றும் அஜாக்ஸ் வாயருகே 'மூன்று' என்றும் எழுதியிருக்கிறது. வசனம் அவ்வளவுதான். யார் ஜெயிக்கிறார்கள் என்று தெரிந்துவிட்டது.

கேள்வி: குறை இருந்தாலும் பரவாயில்லை என்பது சோம்பேறிகளுக்குச் சப்பைக்கட்டு. மேதைகள் திருப்தி வரும்வரை விடமாட்டார்கள்.

பதில்: புரோட்டோஜெனிஸ் என்ற கிரேக்க ஓவியர் நீங்கள் சொல்கிற ரகம். ஒரு நாயின் வாய் நுரை இயல்பாக வரவில்லை என்று திரும்பத் திரும்ப அழித்தாராம். கடைசியில் ஆத்திரத்தில் ஸ்பாஞ்சைப் படத்தின்மீது எறிய, அது பட்ட இடத்தில் நுரை அச்சாக வந்துவிட்டது என்று ரோமானிய எழுத்தாளர் பிளினி எழுதுகிறார். புரோட்டோஜெனிஸைப் பற்றி அவர் காலத்து இன்னொரு ஓவியர் அப்பெல்லிஸ் சொன்னதும் அதே நூலில் இருக்கிறது: எல்லாவற்றிலும் அவர் எனக்குச் சமம் அல்லது மேல், ஆனால் படத்திலிருந்து கையை எப்போது எடுப்பது என்று எனக்குத் தெரியும், அவருக்குத் தெரியாது.

திருத்தக் கூடாது என்று நான் சொல்லவில்லை. ஹிப்போலிட்டஸ் கதையை யூரிபிடிஸ் இரண்டு தடவை எழுதினார். முதல் வடிவம் அரங்கேறியது, ஜனங்கள் முகம் சுளித்தார்கள். திருத்தி மறுபடி எழுதியது கி.மு. 428இல் முதல் பரிசு வாங்கியது. அதைத்தான் இன்றைக்கும் படிக்கிறோம். பழையதில் சில துண்டுகள்தான் மிச்சம். ஆனால் அந்தப் பழையதை அவர் பெட்டியில் வைத்துப் பூட்டவில்லை, மேடையில் ஏற்றினார். உங்கள் மேதைகளிடம் இந்த வரிசையைக் கேட்டுப் பாருங்கள்.