திரைப்படமும் தத்துவமும் ஒரே பட்டமாகப் படித்தால் இரண்டுமே அரைகுறையாகிவிடாதா?

ஆகாது. ஒரு பக்கம் தர்க்கம், அறவியல், அறிவுக் கோட்பாடு (எதை அறிவு என்று ஏற்கலாம் என்ற ஆராய்ச்சி). மறுபக்கம் திரைப்பட வரலாறு, காட்சிப் பகுப்பாய்வு. இரண்டும் உரசும் இடம்தான் ருசியே. ஜப்பானிய இயக்குநர் குரோசாவாவின் ‘ராஷோமோன்’ (1950) படம் ஒரே சாவை நான்கு பேர் வாயால் நான்கு விதமாகச் சொல்கிறது. நான்கையும் கேமரா நம் கண்ணெதிரே காட்டிவிடுகிறது. அப்புறம் எதை நம்புவது? சாட்சியம் எப்போது அறிவாகும் என்று வகுப்பில் மல்லுக்கட்டியவரை இந்தக் கேள்வி சும்மா விடாது. பிரெஞ்சுத் தத்துவவாதி ழீல் தெலூஸ் 1983இலும் 1985இலும் சினிமாவைப் பற்றியே இரண்டு நூல்கள் எழுதினார்.

படம் எடுக்கும் ஆசையில் மட்டும் சேராதீர்கள். பெரும்பாலும் வாசிப்பும் கட்டுரையும்தான். சேருமுன் பாடத்திட்டத்தைப் பாருங்கள். இரண்டையும் இணைக்கும் பாடம் ஒன்றுகூட இல்லையென்றால், இணைக்கிற வேலை முழுக்க உங்கள் தலையில்தான் விழும்.