அமெரிக்க வானிலை ரேடியோ தலைஞாயிறில் பேசுமா?

கேள்வி: எங்கள் ஊர் தலைஞாயிறு பக்கம். கஜா அடித்தபோது கரண்ட் போய், செல்போன் டவரும் படுத்து, பல நாள் ஒரு சேதியும் தெரியாமல் கிடந்தோம். டெக்சாஸில் இருக்கும் அக்கா மகன் இப்போது ஒரு வானிலை ரேடியோ வாங்கி வந்திருக்கிறான். புயல் வந்தால் தானே அலறுமாம். ஆனால் எந்தப் பட்டனை அழுத்தினாலும் இரைச்சல்தான் வருகிறது. ஏரியலை உயரத்தில் கட்டினால் எடுக்குமா?

பதில்: எடுக்காது. தென்னை உச்சியில் கட்டினாலும் எடுக்காது. செட்டில் கோளாறு ஒன்றும் இல்லை.

அமெரிக்க அரசின் வானிலைத் துறை 162.400 முதல் 162.550 மெகாஹெர்ட்ஸுக்குள் ஏழு அலைவரிசைகளில் இரவு பகலாக வானிலை படிக்கிறது. ஆபத்து என்றால் குரலுக்கு முன்னால் கீச்சென்று ஒரு குறியீட்டுச் சத்தம் போகும். எந்த வட்டாரத்துக்கு எச்சரிக்கை என்ற எண் அதற்குள் இருக்கும். செட்டில் பதிந்த எண்ணோடு அது பொருந்தினால் செட் விழித்துக்கொண்டு அலறும். நம் நாட்டில் அப்படி ஒரு தனி ஒலிபரப்பு கிடையாது. அது காத்திருக்கும் குரல் இங்கே காற்றிலேயே இல்லை.

அதற்காகப் பரணில் போட்டுவிடாதீர்கள். இந்தச் செட்டுகளில் பெரும்பாலும் ஏஎம், எஃப்எம் இரண்டும் இருக்கும். எஃப்எம்மில் காரைக்கால் வானொலியை 100.3-இல் தேடுங்கள். ஏஎம்மில்தான் ஒரு சிக்கல். திருச்சி வானொலி 936 கிலோஹெர்ட்ஸ். அமெரிக்காவில் நிலையங்கள் பத்துப் பத்தாகத் தள்ளி இருப்பதால், எண் காட்டும் செட் 930-இல் இருந்து நேரே 940-க்குத் தாவிவிடும். நம் ஊர் நிலையங்கள் ஒன்பது ஒன்பது கிலோஹெர்ட்ஸாகத் தள்ளி இருப்பவை, அதனால் தாவலை ஒன்பதாக மாற்ற வழி இருக்கிறதா என்று கையேட்டில் பாருங்கள். முள் நகர்த்தும் பழைய மாதிரி என்றால் இந்தத் தொல்லையே இல்லை. ஏஎம் சரியாகக் கேட்காவிட்டால் செட்டையே மெல்லத் திருப்பிப் பாருங்கள், ஏரியல் உள்ளேதான் இருக்கிறது. அப்புறம், அதன் சார்ஜர் 120 வோல்ட்டுக்கு மட்டுமானதாக இருந்தால் நம் பிளக்கில் சொருகிய உடனே புகைந்துவிடும். பேட்டரியிலேயே ஓட்டுங்கள்.

அலறும் வேலைக்கு உங்கள் செல்போனே போதும். 2023-இல் சோதனைக்காக எல்லார் போனும் திடீரென்று அலறியதே, அந்த ஏற்பாடுதான். போன் அமைப்புகளில் அவசர எச்சரிக்கையை அணைத்து வைத்திருந்தால் திறந்து வையுங்கள். டவர் சாய்வது புயல் கரையேறும்போதுதான். எச்சரிக்கையோ இரண்டு மூன்று நாள் முன்னாலேயே வரத் தொடங்கிவிடும். டவர் போன பிறகுதான் ரேடியோவுக்கு வேலை.

சரி, ரேடியோ எடுத்துவிட்டது. அது சொல்வது என்ன? என்னிடம் வரும் சண்டைகளில் பாதி இதில்தான். 'நாகை, திருவாரூர் மாவட்டங்களில் ஓரிரு இடங்களில் கனமழை' என்று படித்தார்கள், எங்கள் ஊரில் தூறல்கூட இல்லை, அறிக்கை பொய் என்பார்கள். ஓரிரு இடங்கள் என்றால் அந்தப் பரப்பில் உள்ள மழைமானிகளில் கால் பங்குக்கு மேல் போகாது என்று பொருள். உங்கள் ஊர் மீதி முக்கால் பங்கில் இருந்திருக்கும். கனமழை என்பதும் வெறும் வர்ணனை இல்லை. காலை 8.30 முதல் மறுநாள் காலை 8.30 வரை 7 முதல் 11 சென்டிமீட்டர் பெய்தால் கனமழை, 12 முதல் 20 என்றால் மிக கனமழை, அதற்கு மேல் அதி கனமழை. ஓரிரு இடத்தில் கனமழை என்றாலே சம்பாவுக்கு யூரியா போடுவதை நான் இரண்டு நாள் தள்ளிவைப்பேன். மிக கனமழை என்றால் கடைமடைக்காரர் அன்று மாலையே வடிகால் வாயைத் திறந்து பார்த்துவிட வேண்டும்.

புயல் ராத்திரியில் கவனிக்க வேண்டியது ஒரே ஒரு சொல் வித்தியாசம். 'கரையைக் கடந்துகொண்டிருக்கிறது' என்றால் பாதிதான் முடிந்திருக்கிறது. புயலின் நடுவில் காற்றில்லாமல் இருக்கும் கண் பகுதி உங்கள் தலைக்கு மேலே வந்தால் வடக்கிலிருந்து அடித்த காற்று சட்டென்று அடங்கும், வானம்கூடத் தெளியலாம். மாட்டைப் பார்க்கப் போகிறேன் என்று அந்த நேரத்தில் வெளியே இறங்காதீர்கள். கொஞ்ச நேரத்தில் அதே வேகத்தில் தெற்கிலிருந்து திருப்பி அடிக்கும். 'முழுமையாகக் கடந்துவிட்டது' என்று ரேடியோ சொன்ன பிறகும் காற்று தணிந்தால்தான் கதவைத் திறக்கலாம்.