குடும்ப ஜெபத்துக்கு உட்கார மறுக்கும் பிள்ளையை விசுவாசத்தில் வளர்ப்பது எப்படி?

கும்பகோணத்தில் இருப்பதாகவும், மகனுக்கு 13, மகளுக்கு 6 வயது என்றும், ஜெபம் என்றாலே மகன் எழுந்து போய்விடுகிறான் என்றும் எழுதியிருக்கிறீர்கள். உங்கள் ஜெபம் முக்கால் மணி நேரம் ஓடுகிறது என்றே நினைக்கிறேன். ஆறு வயதுப் பிள்ளை இருக்கிற வீட்டில் பத்து நிமிடம் போதும். பாட்டில் இரண்டு சரணம், எட்டுப் பத்து வசனம், ஆளுக்கு ஒரு வரி ஜெபம், கடைசியில் கர்த்தர் கற்பித்த ஜெபம். இரவுச் சாப்பாட்டுக்கு முன்னாலேயே வையுங்கள்; சாப்பிட்டால் சின்னவள் தூங்கிவிழுவாள். மாற்கு சுவிசேஷத்தில் தொடங்குங்கள்; 16 அதிகாரம்தான், இந்தக் கணக்கில் மூன்று மாதத்துக்குள் முடியும். மகனை வாசிக்கச் சொல்லுங்கள், நடுவில் உச்சரிப்பைத் திருத்தாதீர்கள்.

பெரும்பாலும் கெட்டுப்போவது எங்கே என்றால், "ஆண்டவரே, இவன் கணக்கில் 40 மார்க் வாங்கியிருக்கிறான், புத்தி கொடும்" என்கிற இடத்தில். அது ஜெபம் இல்லை, கண்ணை மூடிக்கொண்டு திட்டுவது. பிள்ளை ஓடுவது அதற்குப் பயந்துதான். காலையில் அவனிடம் கத்தியிருந்தால், முதலில் அவனிடமே மன்னிப்புக் கேளுங்கள், பிறகு ஆண்டவரிடம். முறை மாறினால் அவனுக்கு அது நடிப்பாகத் தெரியும்.

ஜெபத்துக்கு வெளியேதான் அவன் உங்களை அதிகம் பார்க்கிறான். வயல் இருந்தால், நடவுக்கு வந்தவர்களின் கூலியைப் பொழுது சாய்வதற்குள் கொடுங்கள். உபாகமம் 24:15 கேட்பது அதைத்தான். உலை வைக்கும்போதெல்லாம் ஒரு பிடி அரிசியைக் காணிக்கையாகத் தனிப் பானையில் சின்னவள் கையால் போடச் சொல்லுங்கள். காணிக்கைப் பை வரும் நேரத்தில் பத்து ரூபாயைக் கையில் திணிக்காமல், தன் உண்டியலிலிருந்து சனிக்கிழமை இரவே எடுத்து வைக்கப் பழக்குங்கள். தொகையை அவர்களே முடிவு செய்யட்டும்.

வேதம் படிக்காமல் நல்லவர்களாக இருந்தால் போதும் என்று நான் சொல்லவில்லை, சண்டைக்கு வராதீர்கள். 1706இல் தரங்கம்பாடியில் வந்து இறங்கிய லுத்தரன் மிஷனரி சீகன்பால்குவின் சபை மரபையே பாருங்கள். அந்த மரபின் மூலவரான மார்ட்டின் லுத்தர் 1529இல் எழுதிய சிறிய ஞானோபதேசத்தின் (கேள்வி பதிலாக விசுவாசத்தைக் கற்பிக்கும் நூல்) தலைப்புகள், குடும்பத் தலைவன் தன் வீட்டாருக்குக் கற்பிக்க வேண்டிய விதம் என்றே இருக்கும். ஞாயிறு பள்ளி டீச்சருக்கு வாரத்தில் ஒரு மணி நேரம்தான் கிடைக்கிறது. மீதி வேலை உங்களுடையது.

ஆனால் திடப்படுத்தல் வகுப்பில் (முதல் நற்கருணைக்கு முன் சபை நடத்தும் வேத வகுப்பு) பத்துக் கட்டளையையும் ஒப்பிக்கிற பிள்ளை, அக்காவுக்கு வரன் வரும்போது "நம்ம ஆளுங்களா?" என்று அப்பா விசாரிப்பதையும் கேட்கிறது. சபைக்குள் சாதியை வைத்துக்கொண்டு பிள்ளைக்கு விசுவாசம் இல்லை என்று அழுவதில் நியாயமே இல்லை. இதைச் சொன்னால் பலருக்குக் கோபம் வரும், வரட்டும்.

பத்தாம் வகுப்பு வந்ததும் ஞாயிறு காலையிலேயே ஸ்பெஷல் கிளாஸ் வைக்கிற பள்ளிகள் மேலும் எனக்குத் தீராத வருத்தம். மாலையில் வைத்தால் என்ன? பெற்றோர் நாலு பேர் சேர்ந்து எழுதிக் கொடுங்கள். தனியாகப் போனால் எடுபடாது.

மகனை ஒரு மாதம் கூப்பிட்டுப் பாருங்கள், இழுக்காதீர்கள். வராத நாளிலும் அவன் உட்காரும் பாயை விரித்தே வையுங்கள். அவன் பரீட்சைக்காக இல்லாமல், அவனுடைய நண்பர்களின் பெயரைச் சொல்லி ஜெபியுங்கள், அடுத்த அறையில் அவனுக்குக் கேட்கும்.