முதலில் நில்லுங்கள் தம்பி

கேள்வி: வயது 21. முதலுதவிப் பயிற்சி முடித்து, எங்கள் ஊர் ஆபத்துதவிக் குழுவில் தன்னார்வலராகச் சேர்ந்திருக்கிறேன். விபத்து என்று போன் வந்தாலே ஓடத் தோன்றுகிறது, கையும் நடுங்குகிறது. ‘உனக்கு ஏதாவது ஆனால்?’ என்கிறார் அம்மா. எதை முதலில் பழக வேண்டும்?
- பெயர் வேண்டாம், திண்டிவனம்

பதில்: அம்மா கேட்டதைத்தான் தம்பி முதலில் பழக வேண்டும்.

நான் ஆம்புலன்ஸில் வேலைக்குச் சேர்ந்த முதல் மாதம். இரவு, நாற்கரச் சாலை, பைக் விழுந்து கிடக்கிறது. வண்டி நிற்பதற்குள் பையோடு குதிக்கப் போனேன். பைலட் (ஓட்டுநரை அப்படித்தான் சொல்வோம்) என் கோட்டைப் பிடித்து இழுத்தார். நான் கால் வைக்கவிருந்த இடத்தை ஒரு மணல் லாரி உரசிக்கொண்டு போனது. “மேடம், நீங்க விழுந்தா உங்களுக்கு ஒரு வண்டி கூப்பிடணும்” என்றார், அவ்வளவுதான். அப்புறம் ஆம்புலன்ஸை பைக்குக்குப் பின்னால், வரும் வாகனங்களை மறைத்தாற்போல் சாய்வாக நிறுத்தி, விளக்குகளை எரியவிட்டுத்தான் என்னை இறங்கவிட்டார்.

முதலில் நீங்கள், பிறகு கூட வந்தவர், சுற்றி நிற்பவர்கள், அதன் பிறகே அடிபட்டவர். கேட்க சுயநலமாக இருக்கும். இருக்கட்டும். பத்து விநாடி நின்று பாருங்கள்: மேலே ஒயர் தொங்குகிறதா, பெட்ரோல் வாடை அடிக்கிறதா, எதிரே வண்டி வருகிறதா? கரண்ட் கம்பி அறுந்து கிடந்தால், ஈ.பி.காரர் வந்து லைனை நிறுத்தியாச்சு என்று சொல்லும்வரை கிட்டே போகாதீர்கள். ஈரத்தரையிலும் மின்சாரம் பாயும்.

கிணறும் செப்டிக் டேங்கும்தான் கொடுமை. உள்ளே ஒருவர் மயங்குவார், தூக்க இறங்கிய தம்பி மயங்குவார், அவரைத் தூக்க மாமா இறங்குவார். விஷவாயு சில சமயம் வாடையே இல்லாமல் ஆளைச் சாய்க்கும். மூக்கில் துண்டு கட்டுவதால் பயனில்லை. 101-க்குச் சொல்லிவிட்டு, இறங்கத் துடிப்பவர்களை மேலேயே பிடித்து நிறுத்துங்கள். ‘நீ மனுஷனா?’ என்று திட்டுவார்கள். வாங்கிக்கொள்ளுங்கள்.

கையுறை இரண்டு ஜோடி எப்போதும் பாக்கெட்டில் இருக்கட்டும். கழற்றும்போது மணிக்கட்டுப் பக்கம் வெளிப்புறத்தைப் பிடித்து, உள்பக்கம் வெளியே வரும்படி உருவுங்கள். ரத்தக் கையுறையோடு போனை எடுப்பதுதான் புதியவர்கள் செய்யும் முதல் தப்பு. நானும் செய்தேன், இரண்டு நாள் துடைத்தும் அந்தப் போனைக் காதில் வைக்க மனம் வரவில்லை.

கை நடுக்கமா? மண்டியிட்டு வேலையைத் தொடங்கினால் பாதி போய்விடும். நெஞ்சை அழுத்தும்போது சத்தமாக எண்ணுங்கள், நிமிடத்துக்கு 100 முதல் 120 வரை. அந்த எண்ணிக்கை உங்களையும் நிதானப்படுத்தும். நினைவோடு இருப்பவரிடம் பேர் சொல்லிப் பேசுங்கள். ‘ஒண்ணும் ஆகாது’ என்று மட்டும் சொல்லாதீர்கள், அது உங்களுக்குத் தெரியாது. நீங்கள் போவதற்குள் யாராவது சோடா உடைத்திருப்பார்கள், குடிக்க விடாதீர்கள். போட்டோ வேண்டாம், குழுவின் வாட்ஸ்அப்புக்குக்கூட. 108 வந்ததும் பார்த்ததையும் நேரத்தையும் சொல்லிவிட்டு ஒதுங்குங்கள். பலருக்கு அந்த ஒதுங்குவதுதான் வராது.

கேள்வி: அடிபட்டவரைத் தூக்கினால் போலீஸ், கோர்ட் என்று அலைய வேண்டுமா?
- ஒரு வாசகி, கடலூர்

பதில்: அந்தப் பயம் பழசு. உச்ச நீதிமன்றம் 2016-லேயே உதவுபவர்களுக்குப் பாதுகாப்பு தந்தது. 2019-ல் மோட்டார் வாகனச் சட்டத்தில் 134ஏ பிரிவும் சேர்ந்தது. நல்லெண்ணத்தோடு உதவியவர்மீது வழக்குப் பாயாது. விருப்பமில்லாவிட்டால் பெயரைக்கூடச் சொல்ல வேண்டியதில்லை.