சரக்கு வேனில் பலகை அடிப்பதற்கு முன்

தம்பி, பழைய சரக்கு வேன் ஒன்று வாங்கியிருப்பதாகவும், அதில் படுக்கை, அடுப்பு, இரண்டு பிள்ளைகளுக்கும் இருக்கை எல்லாம் வைத்து விடுமுறைக்குப் போக ஆசை என்றும் எழுதியிருக்கிறீர்கள். பிரிட்டனில் இதற்கு என்ன நடைமுறை, எங்கே தொடங்குவது என்பது உங்கள் கேள்வி. இங்கே வந்த பிறகு நானே இரண்டு வேன்களை மாற்றிக் கட்டியிருக்கிறேன். பிள்ளைகளின் இருக்கையில் தொடங்குங்கள். படுக்கையும் அலமாரியும் மிச்சமிருக்கும் இடத்தில் அமையட்டும்.

வெறும் தரைப் பலகையில் ஸ்க்ரூ அடித்து மாட்டிய இருக்கை, மோதலில் பிள்ளையோடு சேர்த்துப் பிடுங்கிக்கொண்டு வரும். மோதல் சோதனையில் தேறிய, பெல்ட்டும் சேர்ந்தே வரும் இருக்கையை வாங்கி, அந்த வேலை தெரிந்தவரிடம் பொருத்தக் கொடுங்கள். இதில் மட்டும் காசு பார்க்காதீர்கள். இங்கே 12 வயது அல்லது 135 சென்டிமீட்டர் உயரம், இதில் எது முதலில் வருகிறதோ அதுவரை பிள்ளைகளுக்குத் தனி சைல்டு சீட் வேண்டும். அதைப் பக்கவாட்டில் திரும்பிய இருக்கையில் மாட்டக் கூடாது. படங்களில் அழகாகத் தெரியும் சுவரோர பெஞ்சு, ஓடும் வண்டியில் உங்கள் பிள்ளைகளுக்கு ஆகாது.

அடுத்தது ஈரம். இதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். முதல் வேனில் தகரச் சுவருக்கும் பலகைக்கும் நடுவே குளிர் தாங்கப் பஞ்சை அடைத்து மூடிவிட்டேன். குளிர்காலம் போனதும் ஒரு பலகையைக் கழற்றிப் பார்த்தால், பஞ்சைக் கையால் பிழிய தண்ணீர் சொட்டியது. பின்னாலிருந்த தகரத்தில் துரு பிடித்திருந்தது. தூங்கும்போது நாம் விடும் மூச்சே போதும், குளிர்ந்த தகரத்தில் பட்டுத் தண்ணீராகிவிடும். கேஸ் அடுப்பு அதைவிட மோசம்: அதில் எரியும் புரோப்பேன் வாயு 1 கிலோ எரிந்தால் சுமார் 1.6 கிலோ நீராவி வரும். அதனால் ஈரம் உறிஞ்சாத காப்புப் பொருளைத் தகரத்தோடு இடைவெளியில்லாமல் ஒட்டுங்கள். கூரையில் காற்றை வெளியே தள்ளும் விசிறி வையுங்கள். புரோப்பேன் காற்றைவிடக் கனமானது, கசிந்தால் கீழேதான் தங்கும். ஆகவே சிலிண்டர் பெட்டியின் அடியில் வெளியே திறக்கும் துளை கட்டாயம் வேண்டும். கார்பன் மோனாக்சைடு என்ற விஷவாயுவைக் காட்டிக்கொடுக்கும் அலாரம் இல்லாமல் ஒரு இரவுகூடப் படுக்காதீர்கள்.

அப்புறம் எடை. சாதாரண கார் லைசென்ஸில் பொதுவாக ஆட்கள், சாமான் எல்லாம் சேர்த்து 3,500 கிலோ வரைதான் ஓட்டலாம். உங்கள் வேனில் எடை வரம்பு பொறித்திருக்கும் தகட்டில் அதைவிடக் குறைவாகப் போட்டிருந்தால், அந்த எண்தான் உங்கள் எல்லை. 12 மில்லிமீட்டர் பிளைவுட் ஒரு முழு ஷீட்டே கிட்டத்தட்ட 20 கிலோ வரும். தண்ணீர் லிட்டருக்கு ஒரு கிலோ. கணக்குப் பார்க்காமல் கட்டினால் எல்லை தாண்டுவது தெரியவே தெரியாது.

பதிவுப் பத்திரத்தில் வண்டியின் வகையை 'மோட்டார் கேரவன்' என்று மாற்றுவதற்கு, வாகனப் பதிவைக் கவனிக்கும் அரசு அலுவலகமான டி.வி.எல்.ஏ.வுக்குப் படங்களோடு எழுத வேண்டும். குறைந்தது 1.8 மீட்டர் நீளப் படுக்கை, மேசை, நிலையான அடுப்பு, சாமான் வைக்க அலமாரி எல்லாம் கேட்பார்கள். 2019 முதல் வெளித்தோற்றமும் கேம்பர் (தங்கிப் பயணம் செய்யும் வண்டி) மாதிரி இருக்க வேண்டும் என்கிறார்கள். எல்லாம் சரியாகச் செய்தும் பலருக்கு 'ஜன்னல் உள்ள வேன்' என்றுதான் பதில் வருகிறது. அதற்காக மனம் தளர வேண்டாம், கேம்பராக மாற்றிய வேன் என்றே இன்சூரன்ஸ் தருபவர்கள் இருக்கிறார்கள். ஆனால் வேலை தொடங்கும் முன்பே, என்னென்ன மாற்றப் போகிறீர்கள் என்று இன்சூரன்ஸ்காரர்களிடம் சொல்லிவிடுங்கள். சொல்லாமல் மாற்றினால், விபத்து நடந்த அன்று அவர்கள் கையை விரித்துவிடலாம்.

இந்த வாரமே வேனைக் காலியாக எடைமேடைக்குக் கொண்டுபோங்கள். முன் அச்சில் எவ்வளவு, பின் அச்சில் எவ்வளவு என்று தனித்தனியாக வாங்கி எனக்கு எழுதுங்கள். தண்ணீர்த் தொட்டியையும் பேட்டரியையும் எங்கே வைக்கலாம் என்று அதைப் பார்த்துச் சொல்கிறேன்.