ஜிம்மியை ஆஸ்பத்திரியில் விட்டுவந்த பிறகு

களுவாஞ்சிகுடியிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார்:

"வணக்கம் டொக்டர். எங்கள் ஜிம்மிக்கு நான்கு வயது. ஊர் நாய்தான், வீதியில் குட்டியாகக் கிடந்தவனை எடுத்து வளர்த்தோம். போன கிழமை சாப்பாட்டை விட்டான். பிறகு சத்தி, கோப்பி நிறத்தில் சலம். உண்ணிக் காய்ச்சல் என்று மட்டக்களப்பு டவுனில் ஒரு கிளினிக்கில் மறித்து வைத்திருக்கிறார்கள். இன்று மூன்றாம் நாள். விட்டுவிட்டு வரும்போது அவன் கத்திய சத்தம் இன்னும் காதில் நிற்கிறது. அடுத்த நாள் போய்ப் பார்த்தோம். நாங்கள் வெளிக்கிட்டதும் முதல் நாளைவிட அதிகமாகக் கத்தினானாம். போனால் அவனுக்குக் கரைச்சல், போகாவிட்டால் கைவிட்டுவிட்டோம் என்று நினைக்க மாட்டானா? அங்கே சாப்பிடுகிறானும் இல்லை. ஒன்பது வயது மகள் இரவெல்லாம் அழுகிறாள். வீட்டுக்குக் கொண்டுவந்து நாங்களே மருந்து கொடுத்துப் பார்க்கலாமா?"

தங்கச்சி, கடைசிக் கேள்வியை முதலில் எடுக்கிறேன். உங்கள் மனதை அதிகம் அரிப்பது அதுதான் என்று நினைக்கிறேன்.

இப்போதைக்குக் கொண்டுவர வேண்டாம். கோப்பி நிறத்தில் சலம் போனதாக எழுதியிருக்கிறீர்கள். உண்ணி கடித்து உள்ளே போகும் பபீசியா என்ற கிருமி இரத்தத்தின் செங்குழியங்களுக்குள் புகுந்து அவற்றை உடைக்கும். உடைந்ததன் நிறம்தான் சலத்தில் வருகிறது. அதே உண்ணி எர்லிக்கியா என்ற இன்னொரு கிருமியையும் கொண்டுவரலாம். அது பிளேட்லட்டைக் குறைக்கும். டெங்குவால் நம் ஊரில் பிளேட்லட் என்றால் என்னவென்று தெரியாத வீடு இல்லை. நாய்க்கும் அதே கதைதான்: எண்ணிக்கை விழுந்தால் முரசிலும் மூக்கிலும் இரத்தம் கசியலாம். மருந்து வேலை செய்யத் தொடங்குவதற்கு இடையில் உள்ள ஒன்றிரண்டு நாட்கள்தான் ஆபத்தானவை. அந்த நாட்களில் சேலைன் போகும் வேகத்தைப் பார்க்க வேண்டும், சத்தியை நிறுத்த ஊசி போட வேண்டும், இரத்தத்தைத் திரும்பத் திரும்பச் சோதிக்க வேண்டும். இதை வீட்டு விறாந்தையில் செய்ய முடியாது.

எப்போது கொண்டுவரலாம்? டொக்டரிடம் இப்படிக் கேளுங்கள்: "பி.சி.வி எவ்வளவு? நேற்று எவ்வளவு?" நூறு பங்கு இரத்தத்தில் செங்குழியம் எத்தனை பங்கு என்று சொல்லும் எண் அது. நல்ல நாய்க்கு ஏறத்தாழ 37 முதல் 55 வரை இருக்கும். ஒரு நாள் எண்ணை மட்டும் வைத்துச் சந்தோசப்படவும் வேண்டாம், பயப்படவும் வேண்டாம். விழுவது நின்றதா என்பதுதான் முக்கியம். எண் நிலைத்து, சத்தி நின்று, அவனாக வாய் வைத்துச் சாப்பிட்டு, முரசு வெளிறாமல் இளஞ்சிவப்பாக இருந்தால், வீட்டில் வைத்து மருந்து கொடுப்பதைப் பற்றிப் பேசலாம்.

எண் 20க்குக் கீழே போய், நாயும் எழும்ப முடியாமல் கிடந்தால், இரத்தம் ஏற்றுவது பற்றி டொக்டர் கேட்கக்கூடும். அதைக் கேட்டதும் கலங்க வேண்டாம். நாய்களுக்கும் இரத்த வகைகள் உண்டு. ஆனாலும் முதல் முறை ஏற்றும்போது பெரும்பாலும் பெரிய எதிர்ப்பு வராது. இரத்தம் கொடுக்கும் நாய் 25 கிலோவுக்கு மேல் இருக்க வேண்டும், தடுப்பூசி போட்டதாகவும் உண்ணிக் காய்ச்சல் இல்லாததாகவும் இருக்க வேண்டும். நம் ஊர் நாய்களில் அந்த எடை அபூர்வம். லப்ரடோரோ ரொட்வைலரோ வளர்க்கும் சொந்தக்காரர் யாராவது இருந்தால் இன்றே ஒரு வார்த்தை சொல்லி வையுங்கள். நடு இரவில் தேடுவது கடினம்.

சரி, இனி அந்தச் சத்தம்.

நீங்கள் வெளிக்கிடும்போது அவன் கத்தியது உண்மை. ஆனால் நீங்கள் கேட்டது அந்தச் சில நிமிடங்களை மட்டும்தான். அதன் பிறகு அவன் என்ன செய்தான் என்பது உங்களுக்குத் தெரியாது. பல நாய்கள் சிறிது நேரத்தில் அடங்கிப் படுத்துவிடும். இத்தனை வருடத்தில் வார்டில் நான் அதிகம் பார்த்தது அதைத்தான். அதனால் போன் எடுக்கும்போது "கத்தினானா?" என்று கேட்காதீர்கள். "எவ்வளவு நேரத்தில் அடங்கினான், பிறகு படுத்தானா, சாப்பாட்டை மணந்தாவது பார்த்தானா?" என்று கேளுங்கள். பத்து நிமிடத்தில் அடங்கிவிட்டான் என்றால் நீங்கள் போவது அவனுக்கு நல்லது. மணிக்கணக்காகக் கத்தி, கனுலாவை, அதாவது சேலைன் ஏற்றக் காலில் போட்டிருக்கும் குழாயை, கடித்து இழுத்து, மூச்சிரைத்தான் என்றால் ஒரு நாள் விட்டுப் போங்கள். அன்று அவன் அமைதியாக இருந்தானா என்று பார்த்து டொக்டரோடு சேர்ந்து முடிவெடுங்கள். எல்லா நாய்க்கும் பொதுவாக ஒரு பதில் சொல்ல என்னால் முடியாது. ஜிம்மிதான் அதைக் காட்டித் தர வேண்டும்.

அவன் உங்களை மறக்க மாட்டான். உங்கள் வாசம் அவனுக்குள் எவ்வளவு ஆழமாகப் பதிந்திருக்கிறது என்பதைக் காட்டும் ஒரு ஆய்வு 2015இல் வந்தது. அமெரிக்காவின் எமரி பல்கலைக்கழகத்தில் 12 நாய்களை ஸ்கேன் இயந்திரத்துக்குள் அசையாமல் படுக்கப் பழக்கி, ஐந்து வாசங்களை ஒவ்வொன்றாக மூக்கருகே பிடித்தார்கள். அந்த நாயின் சொந்த வாசம், தெரிந்த நாயின் வாசம், தெரியாத நாய், தெரிந்த மனிதர், தெரியாத மனிதர். மூளையில் நல்லதை எதிர்பார்க்கும் பகுதி அதிகமாக விழித்தது தெரிந்த மனிதரின் வாசத்துக்குத்தான். அந்த மனிதர் அப்போது அந்த இடத்தில் இருக்கவே இல்லை.

அதனால் நாளைக்குப் போகும்போது உங்கள் கணவர் இரவு உடுத்த சாரத்தையோ மகளின் பழைய உடுப்பு ஒன்றையோ எடுத்துப் போங்கள். தோய்க்காமல், அப்படியே. சுத்தமாகத் தோய்த்து மடித்துக் கொண்டுவருபவர்களைப் பார்த்திருக்கிறேன். சவர்க்கார வாசத்தால் அவனுக்கு ஒரு பயனும் இல்லை. இரத்தமும் சலமும் பட்டு அது திரும்பி வராமலும் போகலாம், அதனால் நல்ல துணி வேண்டாம்.

பார்க்கப் போகும் நேரத்தைக் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். ஊசி போட்ட உடனே போனால், நோவையும் உங்களையும் சேர்த்து நினைவில் வைத்துவிடுவான். சாப்பாடு வைக்கும் நேரம் நல்லது. குடும்பமே திரண்டு போக வேண்டாம், ஒருவர் அல்லது இருவர் போதும். கூட்டுக்கு மேலே குனிந்து நிற்காமல் நிலத்தில் குந்தியிருங்கள். இறுக்கிக் கட்டிப்பிடிக்காதீர்கள், வயிறு நோகும், கனுலாவும் இழுபடும். வாலாட்டாமல் கிடந்தால் கோபம் என்று நினைக்காதீர்கள். செங்குழியம் குறைந்த நாய்க்கு வாலாட்டவும் சக்தி இருக்காது. பதினைந்து இருபது நிமிடம் இருந்துவிட்டு, "போயிட்டு வாறன்" என்று பத்துத் தரம் சொல்லாமல் வழமையான குரலில் ஒரு சொல் சொல்லி எழுந்து வாருங்கள். நீங்கள் வாசலில் நின்று அழுதால் அவனுக்கும் பதற்றம் தொற்றும்.

சாப்பாடு. இதில் ஒரு விடயத்தைக் கட்டாயம் சொல்ல வேண்டும். நம் வீடுகளில் நாய்க்குச் சோற்றில் மீன் குழம்பை ஊற்றிப் பிசைந்து வைப்பது வழக்கம். ஜிம்மிக்கும் அதுதான் பிடிக்கும் என்று நினைக்கிறேன். அதை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகாதீர்கள். வெங்காயமும் உள்ளியும் நாயின் செங்குழியத்தை உடைக்கும். பபீசியா செய்வதும் அதே வேலைதான். ஏற்கெனவே குறைந்து கிடக்கும் இரத்தத்தை இன்னும் குறைக்க வேண்டாம். கோழி இறைச்சியையோ முள் எடுத்த மீனையோ உப்பு, தூள், வெங்காயம் எதுவும் போடாமல் அவித்து, சோற்றோடு குழையப் பிசைந்து, டொக்டரிடம் கேட்டுவிட்டுக் கொண்டுபோங்கள். இளஞ்சூடாக இருக்கட்டும், சூட்டில்தான் வாசம் எழும்பும். உங்கள் கையில் ஒரு உருண்டை வைத்து நீட்டுங்கள். முகத்தைத் திருப்பினால் விட்டுவிடுங்கள். சத்தி வரும்போது வாயில் திணித்தால், சுகமான பிறகும் அந்தச் சாப்பாட்டையே வெறுப்பான்.

அவனைப் பற்றி உங்களுக்குத் தெரிந்து, டொக்டருக்குத் தெரியாத விடயங்கள் இருக்கின்றன. அவற்றை ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். வீட்டில் எந்தப் பெயருக்குத் திரும்புவான், எந்தச் சொல்லுக்கு இருப்பான், யாரைக் கண்டால் பயம், எந்தக் காதைத் தொட்டால் பிடிக்காது. எங்கே சலம் கழிப்பான் என்பதையும் எழுதுங்கள். இது சின்ன விடயம் போலத் தெரியும், ஆனால் நம் கரையோரத்து நாய்கள் மணலில் பழகியவை. சீமெந்துத் தரையில், கூட்டுக்குள் சலம் கழிக்க மாட்டாமல் மணிக்கணக்கில் அடக்கிக்கொண்டு தவிக்கும் நாய்களைப் பார்த்திருக்கிறேன். சேலைன் ஏறும்போது சலம் அதிகமாகச் சேரும், அந்தத் தவிப்பில் கத்தவும் செய்வான். கூட்டிப்போக மணல் பட்ட இடம் ஏதாவது இருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள். சில வேளை ஜிம்மி கத்தியதற்குப் பாதிக் காரணம் அதுவாகவே இருக்கலாம்.

தடுப்பூசி அட்டையையும் கொண்டுபோங்கள். பயந்த நாய் நல்ல நாயாக இருந்தாலும் கடிக்கும், அதனால் வாய்க்கட்டுப் போட்டிருந்தால் மனம் வருந்தாதீர்கள். அப்புறம், காய்ச்சல் என்று வீட்டில் பனடோலோ புரூஃபனோ கொடுத்திருந்தால் மறைக்காமல் சொல்லுங்கள். பனடோல் அளவு மிஞ்சினால் நாயின் ஈரலையும் செங்குழியத்தையும் தாக்கும், புரூஃபன் வயிற்றிலும் குடலிலும் புண்ணாக்கும், சிறுநீரகத்தையும் பழுதாக்கும். பல வருடங்களுக்கு முன் ஒரு வீட்டார் ஏச்சு விழும் என்று பயந்து இதைச் சொல்லாமல் விட்டார்கள். ஏன் இரத்தம் விழுந்துகொண்டே போகிறது என்று தெரியாமல் இரண்டு நாள் வேறு வேறு காரணங்களைத் தேடினேன். அன்றிலிருந்து ஒவ்வொரு வீட்டாரிடமும் முதலில் இதைத்தான் கேட்கிறேன். யாரையும் ஏசியதில்லை.

வீட்டில் ஒருவர் மட்டும் போன் எடுக்கட்டும், கிளினிக் சொல்லும் நேரத்தில் ஒரு தரம். இரவில் அங்கே ஆள் இருப்பார்களா, அவசரம் என்றால் உங்களை எப்படிக் கூப்பிடுவார்கள் என்பதைக் கட்டாயம் கேளுங்கள். இரவில் ஆள் இல்லை என்றால், மாலையில் கூட்டி வந்து காலையில் திரும்பக் கொண்டுபோவது நல்லதா என்றும் கேட்கலாம். அது நியாயமான கேள்வி. காசைப் பற்றியும் கூச்சப்படாமல் பேசுங்கள். ஒரு நாளைக்கு எவ்வளவு வரும், இன்னும் எத்தனை நாள், எங்களால் இவ்வளவுதான் முடியும் என்று சொன்னால், எந்தச் சோதனை கட்டாயம், எதைத் தள்ளிப்போடலாம் என்று டொக்டரால் பிரித்துச் சொல்ல முடியும்.

பேராதனைப் பல்கலைக்கழகத்தின் மிருக வைத்திய போதனா வைத்தியசாலைக்கு அனுப்பச் சொன்னால், போகும் வழியைத் தாங்குவானா என்று முதலில் கேளுங்கள். மகியங்கனை தாண்டிய பதினெட்டு வளைவு மனிதரையே சத்தி எடுக்க வைக்கும்.

மகளிடம் உண்மையைச் சொல்லுங்கள். "டொக்டர் மாமா வீட்டில் விளையாடுகிறான்" என்று சொன்னால், நிலைமை மோசமானால் அவள் உங்களையும் நம்ப மாட்டாள். இரத்தத்தில் பூச்சி போயிருக்கிறது, மருந்து கொடுக்கிறார்கள், சுகமாகும் என்று நம்புகிறோம், ஆனால் இன்னும் நிச்சயமாகத் தெரியாது. ஒன்பது வயதுப் பிள்ளைக்கு இது விளங்கும். எந்த உடுப்பை அனுப்புவது என்று அவளே தெரிவு செய்யட்டும். நிலைமை கைமீறி, நோவில்லாமல் ஊசி போட்டு அனுப்பிவிடலாமா என்று டொக்டர் கேட்டால், வீட்டில் யார் பதில் சொல்வது என்பதை நீங்களும் கணவரும் இன்றைக்கே பேசி வையுங்கள். அப்படி ஒரு போன் வராமல் இருக்க வேண்டும் என்றுதான் நானும் விரும்புகிறேன். வந்தால், பஸ்ஸில் நின்றுகொண்டு முடிவெடுக்கும் நிலை உங்களுக்கு வரக்கூடாது.

அவன் அங்கே இருக்கும் இந்த நாட்களில் உங்களுக்கு வீட்டில் செய்யப் பெரிய வேலை ஒன்று இருக்கிறது. நாயில் ஏறும் பழுப்பு உண்ணி அவன் உடம்பில் மட்டும் வாழ்வதில்லை. இரத்தம் குடித்து விழுந்த பெட்டை உண்ணி, சுவர் வெடிப்பிலும் கதவு நிலையின் இடுக்கிலும் போய் ஆயிரக்கணக்கில் முட்டையிடும். அவன் படுத்த சாக்கை எரித்துவிடுங்கள். வெடிப்புகளைச் சீமெந்தால் அடையுங்கள். மருந்து அடிப்பதென்றால் டொக்டர் சொல்வதை மட்டும் அடியுங்கள். மாட்டுக்கு வைத்திருப்பதைக் கண்மதிப்பில் கலக்க வேண்டாம். வீட்டில் வேறு நாய் இருந்தால் அதன் காதுக்குள்ளும் விரல் இடுக்கிலும் இன்றே பாருங்கள்.

எர்லிக்கியாவும் இருக்கிறது என்றால் டொக்சிசைக்ளின் குளிசை தருவார்கள், பெரும்பாலும் 28 நாள். நாலாம் நாளே துள்ளி ஓடுவான். அதைப் பார்த்துவிட்டு நிறுத்திவிடாதீர்கள். வெறும் வயிற்றில் கொடுக்காமல் சாப்பாட்டோடு கொடுங்கள், பின்னால் கொஞ்சம் தண்ணீரும் குடிக்கட்டும். முடிந்த பிறகும், சலம் மறுபடி கறுத்தால் அல்லது முரசு வெளிறினால் அன்றைக்கே தூக்கிக்கொண்டு போங்கள். பபீசியா முழுதாகப் போகாமல் உடம்பில் ஒளிந்திருந்து திரும்ப வருவது உண்டு.

வீட்டுக்கு வந்த முதல் இரண்டு நாள் அதிகமாகத் தூங்குவான், குரல் கரகரக்கும், மலம் போகவும் ஒரு நாள் இரண்டு நாள் பிந்தலாம். கனுலா போட்ட கால் வீங்கிச் சூடாக இருந்தால் மட்டும் டொக்டருக்குச் சொல்லுங்கள். கூட்டி வரும் அன்று நேரே வீட்டுக்குள் கொண்டுபோகாதீர்கள். வளவில் மணல் இருக்கும் பக்கம் இறக்கி, அவசரப்படுத்தாமல், அவன் பாட்டுக்கு மணந்து திரிந்து சலம் கழிக்கும்வரை பக்கத்தில் நில்லுங்கள்.